பொம்மை காட்டுகிற கை

திண்டுக்கல் வட்டாரத்தில் ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற யாருக்கும் என்னைப் பிடிக்காது. தாடிக்கொம்பு டவுன் பஸ்ஸில் ஏறினால், அம்மா மடியில் நிம்மதியாக முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிற குழந்தை என்னைக் கண்டதும் முறுக்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்ளும். பஸ்ஸில் இருக்கிறவர்கள், நான் ஏதோ பிள்ளை பிடிக்க வந்தவள் மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுகிற வேலை எனக்கு. கண் பாப்பாவை விரிய வைக்கிற மருந்து. விட்டதும் எரியும். நியாயமாகப் பார்த்தால் மருந்தைத்தான் வெறுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நியாயமெல்லாம் தெரியாது, நர்கீஸ் ஆன்ட்டியைத்தான் தெரியும்.

சொல்ல வந்தது என் கதை அல்ல, ரூபியின் கதை. எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறவள் அவள். அதற்கென்று தனியாக ஆள் எடுப்பார்களா என்று கேட்காதீர்கள். ரூபி கண் பரிசோதனைக்குப் படித்தவள்தான். பெரியவர்களுக்குக் கண்ணாடி பவர் பார்க்கிறவள்தான். ஆனால் ஒரு குழந்தை வந்து வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டால், சொர்ணலட்சுமி டாக்டர் அறைக்குள்ளிருந்தே "ரூபியக் கூப்பிடுங்க" என்பார்.

பெரியவரிடம் தாடையை இங்கே வையுங்கள், அசையாதீர்கள் என்றால் கேட்பார். இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் அது கண்ணை இன்னும் இறுக்கி மூடும். அது தானாகக் கண்ணைத் திறக்க வேண்டும், தானாக ஓரிடத்தைப் பார்க்க வேண்டும். டாக்டருக்குத் தேவை அந்தக் கொஞ்ச நேரம்தான். ரூபியின் பையில் தலையாட்டுகிற வாத்து இருக்கும், விளக்கு எரிகிற பம்பரம் இருக்கும், விரலில் மாட்டுகிற குரங்கு இருக்கும். ஒரு பொம்மைக்கு ஒரு பார்வைதான் என்பது அவள் கணக்கு. ஒரு தரம் பார்த்ததை மறுபடி காட்டினால் பிள்ளை மதிக்காது. அடுத்ததை எடுக்க வேண்டும். எல்லாம் தீர்ந்துபோனால் ஆடு. ரூபி அய்யலூர்க்காரி. அவள் அப்பா பவுல்ராஜ் சந்தையில் ஆட்டுத் தரகு பார்க்கிறவர். அவள் உதடு அசையாமல் ஒரு குட்டியாடு கத்துகிற மாதிரி கத்தினால், அழுகிற பிள்ளை அப்படியே நிறுத்திவிட்டு மேஜைக்கு அடியில் தேடும். அப்போது கண்கள் இரண்டும் வட்டமாகத் திறந்திருக்கும். டாக்டர் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிடுவார்.

இதில் டாக்டர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பொம்மை காட்டுகிற கை மருந்து விடக் கூடாது. மருந்து விடுகிற கை பொம்மையைத் தொடக் கூடாது. பொம்மையைக் காட்டிக் கண்ணைத் திறக்க வைத்துவிட்டு அதே ஆள் எரிய வைத்தால், அந்தப் பிள்ளை அப்புறம் எந்தப் பொம்மையையும் நம்பாது. அதனால் ரூபிக்கு நல்ல பேர், எனக்குக் கெட்ட பேர். இத்தனை வருடத்தில் இந்த ஏற்பாட்டை நாங்கள் மீறியதே இல்லை.

மருந்து விட்டதும் என்ன நடக்கும் தெரியுமா? ரூபி காட்டிய வாத்து, குரங்கு, ஆடு எதுவும் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. வீல் என்று கத்திக்கொண்டு திரும்பி அம்மாவின் மேல் விழும். முகத்தைப் புடவைக்குள் புதைத்துத் தேய்க்கும். கண்ணீரும் மூக்குச்சளியும் மருந்துமாக அந்த அம்மாவின் தோள் நனைந்துபோகும். அந்த நேரம் ரூபி கையில் பொம்மையோடு நின்று அதையே பார்ப்பாள். நான் பல தடவை கவனித்திருக்கிறேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிடு என்று நான்தான் இடிக்க வேண்டும்.

அவளுக்கும் ஒரு மகன் இருக்கிறான், அமலன். அவனுக்கு ஒன்றரை வயதில் ரூபிக்கு டி.பி. வந்தது. குழந்தையைக் கொஞ்ச காலம் தள்ளி வைக்கச் சொன்னார்கள். கணவர் ராயப்பராஜ் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர். அவருடைய அக்கா சகாயசெல்வி, கல்யாணம் செய்துகொள்ளாத டீச்சர், பிள்ளையை வாங்கிக்கொண்டார். ரூபி அய்யலூரில் அப்பா வீட்டில் கிடந்து மாத்திரையை விழுங்கி, எழுந்து, எடை கூடி, நோய் போய்விட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, பிள்ளை அவளைப் பார்த்து டீச்சர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். புருஷன் வீட்டில் அவளுக்கென்று எடுத்து வைத்த தட்டு டம்ளர் அப்போதும் தனியாகத்தான் இருந்தது. அதில் ஆரம்பித்த சண்டை வளர்ந்து கோர்ட்டுக்குப் போனது. பிள்ளை பழகிய இடத்திலேயே இருக்கட்டும், தாய் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கலாம் என்று இப்போதைக்கு உத்தரவு. வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

பிள்ளை இருப்பது மரியநாதபுரம். ரூபி வாடகைக்கு இருப்பது நாகல்நகர். ஷேர் ஆட்டோவில் ஏறினால் செத்த நேரத்தில் போய்விடலாம். அவள் போகக் கூடாது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமைகளில் கோர்ட்டு வளாகத்தில் ஒரு அறையில் அமலனைக் கொண்டுவந்து விடுவார்கள். ரூபி தன் பொம்மைப் பையோடு போவாள். திரும்பி வந்து என்னிடம் சொல்லுவாள்: இன்றைக்குப் பம்பரத்துக்குச் சிரித்தான், இன்றைக்குக் குரங்கைக் கேட்டு வாங்கினான். ஒரு நாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வெஞ்சனம் ஆறுது, தின்னு" என்றேன்.

"அக்கா, அவன் சிரிச்சுக்கிட்டுத்தான் வாரான். அது பொம்மைக்கு. போன தடவ வாசல்ல தடுக்கி விழுந்து முட்டியச் செராச்சுக்கிட்டான். நான்தான் பக்கத்துல நின்னேன். என்னையத் தாண்டி ஓடி டீச்சர்கிட்டப் போய்த்தான் அழுதான்."

"பழக்கம்தானேடி."

"ஒரே ஒரு தடவ அவன் அழுதுக்கிட்டு எங்கிட்ட வரணும்க்கா. எனக்கு அது போதும்."

உலகத்தில் எல்லாத் தாயும் பிள்ளை அழக் கூடாது என்று வேண்டுவாள். இவள் வேண்டுதல் இப்படி. சோற்றைப் பிசைந்து அவள் கையில் வைத்தேன், வேறென்ன செய்ய.

அமலனுக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு நாள் சகாயசெல்வி டீச்சரே ரூபிக்குப் போன் பண்ணினார். பிள்ளை டி.வி. பார்க்கும்போது தலையைச் சாய்த்துப் பார்க்கிறான், வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான், உன் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வருகிறேன் என்றார். அந்த அம்மாவை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அவர் நினைத்திருந்தால் மதுரைக்குக் கூட்டிப் போயிருக்கலாம். ரூபி அன்றைக்கு யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, தலைக்குப் பூ வைத்து, ஆஸ்பத்திரி கூட்டுகிறவள் வருவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டு சொல்லாத ஒரு நாளில் பிள்ளையைப் பார்க்கப் போகிறாளே.

அமலன் நல்ல பையன். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். ரூபியைப் பார்த்துச் சிரித்தான். "பொம்ம இருக்கா?" என்று கேட்டான்.

"வா, ஏறி உக்காரு, காட்டுறேன்" என்றாள்.

ரூபி முன்பு டீச்சரை மதினி என்று கூப்பிட்டவள். வழக்கு வந்த பிறகு அவளுக்கும் அவர் டீச்சர்தான். டீச்சர் மடியில் பிள்ளையை உட்கார வைத்தாள். சுவரோரம் நின்று புதிதாக வாங்கியிருந்த கிலுகிலுப்பையை டாக்டர் ஆட்ட, ரூபி தன் உள்ளங்கையால் அவனுடைய இடது கண்ணை மூடினாள். அவன் கிலுகிலுப்பையைப் பார்த்தபடியே இருந்தான். அடுத்து வலது கண்ணை மூடினாள். அவன் அவள் கையைப் பிடித்துத் தள்ளினான். மறுபடி மூடினாள். மறுபடி தள்ளினான்.

"கைய எடுங்க. தெரியல" என்றான்.

டாக்டர், ரூபி, நான், எங்கள் மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. நல்ல கண்ணை மூடினால்தான் பிள்ளை அப்படித் தள்ளும். இடது கண்ணில் பார்வை சரியில்லை. ரூபியின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. டாக்டர் மெல்ல, "மருந்து விட்டுப் பாத்துருவோம் ரூபி" என்றார்.

நான் மருந்துப் பாட்டிலோடு முன்னால் வந்தேன். அவ்வளவுதான். அமலன் கண்ணை இறுக்கி மூடி, டீச்சர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ரூபி வாத்தை எடுத்தாள். அரைக் கண்ணால் பார்த்துவிட்டு "இது பாத்துட்டேன்" என்றான். பம்பரத்தை எடுத்தாள். "இதும் பாத்துட்டேன்." குரங்கு, நாய்க்குட்டி, ஊதினால் நீளுகிற பீப்பி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ரூபி ஆடு மாதிரி கத்தினாள். எந்தப் பிள்ளையும் தோற்றுப்போகிற இடம் அது. அமலன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"ஆடெல்லாம் இல்ல. நீங்கதான் வாயால கத்துவீங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரூபிக்கு முகம் வெளுத்துப்போனது. கோர்ட்டு அறையில் மாதா மாதம் ஒன்றொன்றாகக் கொண்டுபோய்க் காட்டி, கையிலிருந்த வித்தை அத்தனையையும் அந்தப் பிள்ளையிடம் செலவழித்துத் தீர்த்திருந்தாள். இனி இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் அவள் வேடிக்கை காட்டலாம். தன் பிள்ளைக்கு முடியாது. அவசரத்துக்கென்று ஒன்றையாவது மிச்சம் வைக்கத் தெரியாத மடச்சி என்று மனதுக்குள் திட்டினேன். திட்டும்போதே அழுகை வந்தது. எதை மிச்சம் வைப்பாள், மாதத்தில் ஒரு நாள்தானே அவளுக்கு.

"நான் இறுக்கிப் பிடிச்சுக்கிறேன், விட்ருங்க" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்" என்றாள் ரூபி. பொம்மைகளைப் பைக்குள் போட்டாள். தரையில் முட்டி போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "அமலா, பொம்ம தீந்துபோச்சு. இப்ப கண்ணுல மருந்து விடணும். எரியும்."

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். "நெறையவா?"

"நெறையத்தான். அப்புறம் கொறஞ்சிரும்."

"யாரு விடுவாங்க?" என்று கேட்டு என் பக்கம் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல.

ரூபி என்னிடம் கையை நீட்டினாள். "பாட்டிலக் குடுங்கக்கா."

நான் கொடுக்கவில்லை. குனிந்து அவள் காதில், "ஏ இவளே, கெடுத்துக்காத. நான் விடுறேன். கெட்ட பேரு எனக்கு ஏற்கெனவே இருக்கு" என்றேன். அவள் பாட்டிலை என் விரலிலிருந்து உருவிக்கொண்டாள். டாக்டரைப் பார்த்தேன். சட்டம் போட்டவர் அவர்தான். அவர் தள்ளி நின்று அவளுக்கு வழி விட்டார்.

விட்டாள். அமலன் கத்திய கத்தலில் வெளியே காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழ ஆரம்பித்தன. "எரியுது அத்த, எரியுது அத்த" என்று டீச்சரின் தோளில் முகத்தை வைத்துத் தேய்த்தான். ரூபி பாட்டிலோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அடங்கியதும், "இன்னொரு கண்ணு இருக்கு. அதுவும் எரியும்" என்றாள். அவன் விம்மிக்கொண்டே அவளைப் பார்த்தான். எங்களை ஆச்சரியப்பட வைத்தது இதுதான்: கண்ணை மூடவில்லை. அழுதுகொண்டே திறந்து வைத்திருந்தான்.

இடது கண் சோம்பிக் கிடக்கிறது என்றார் டாக்டர். கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுத் துணியால் மூடி வைக்க வேண்டும். அப்போதுதான் மற்றது வேலை செய்யப் பழகும். மாதக் கணக்கில் ஆகும், விடாமல் செய்தால் தேறிவிடும். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ரூபி படிவரைக்கும் போய்க் கையாட்டினாள். அமலன் முகத்தை டீச்சர் கழுத்தில் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "எங்கிட்ட இருந்தது அந்தப் பொம்ம ஒண்ணுதான்க்கா" என்றாள். "அதையும் இன்னைக்கு நானே ஒடச்சுட்டேன். இனி எங்கிட்ட எதுக்கு வரப்போறான்?"

நான் அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தேன். மருந்து விட்டவளிடம் பிள்ளைகள் வருமா என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்.

அடுத்த சந்திப்பு நாள் வந்தபோது, "தனியாப் போகப் பயமா இருக்கு, நீங்களும் வாங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அவள் புதிதாக ஒரு பொம்மை வாங்கியிருந்தாள். சாவி கொடுத்தால் ஓடுகிற ஆமை. பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வராண்டாவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

பிள்ளை வருவதற்கு முன் அழுகை வந்தது. டீச்சர் உள்ளே வந்தார். முகம் சோர்ந்திருந்தது. "காலைல எந்திரிச்சதுல இருந்து இதே பாட்டுத்தான்" என்றார். அமலன் கண்ணாடி போட்டிருந்தான். கழன்று விழாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் வார் கட்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே வலது கண் மேல் வெள்ளை ஒட்டு. டீச்சர் கையை உதறிவிட்டு அறைக்குள் வந்தவன் நாற்காலியில் இடித்துக்கொண்டான். இருக்கிற ஒரு கண்ணில் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. என் முன்னால் வந்து முகத்தை அண்ணாந்து பார்த்தான். தேடுகிற ஆள் நான் இல்லை என்று தெரிந்ததும் நகர்ந்தான். ரூபியின் முன்னால் நின்று, மூக்கு மூக்கோடு படுகிற அளவுக்குக் கிட்டே வந்து, அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"அத்த கண்ண ஒட்டிட்டாங்க" என்றான். "எடுத்து விடு."

ரூபி அவன் கண்ணாடியை நேராக்கிவிட்டாள்.

"எடுத்து விடு. ஒண்ணும் தெரியல. எடுத்து விடு."

"எடுக்க மாட்டேன் அப்பு" என்றாள். "எடுத்தா அந்தக் கண்ணு வேல செய்யாது."

அவன் இரண்டு கையாலும் அவள் நெஞ்சில் அடித்தான். அடித்து அடித்து, ஓய்ந்து, அப்படியே அவள் மேல் விழுந்து அழுதான். கண்ணாடியோடு சேர்த்து முகத்தை அவள் புடவையில் தேய்த்தான். ரூபியின் வலது கை பைக்குள் போனது. ஆமையை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கை வெறுமையாக வெளியே வந்து அவன் முதுகில் படிந்தது. அவள் ஆடு மாதிரி கத்தவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். பிள்ளை அழுகிறான் என்கிற வேதனையும், தன் மேல் விழுந்து அழுகிறான் என்கிற சந்தோஷமும் ஒரே முகத்தில் இருந்தன. அந்தச் சந்தோஷத்துக்காக அவள் வெட்கப்பட்டதும் தெரிந்தது.

டீச்சர் பழக்கத்தில் பிள்ளையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் நின்றார். அப்புறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஒட்டுறது நான்தானே" என்றார் என்னிடம். "எங்கிட்ட எப்படி வந்து அழுவான்." நான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அழுத அழுகையில் ஒட்டு நனைந்து ஓரம் பிரிந்து, தானாகவே கழன்று வந்துவிட்டது. அமலன் நிமிர்ந்து இரண்டு கண்ணாலும் ரூபியைப் பார்த்தான். டீச்சர் கைப்பையைத் திறந்து புது ஒட்டு ஒன்றை எடுத்தார். அந்தக் காகிதச் சத்தத்துக்கே அவன் கண்ணைப் பொத்திக்கொண்டான். டீச்சர் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு ரூபியிடம் நீட்டினார்.

"இப்ப ஒட்டப் போறேன்" என்றாள் ரூபி. "அழணும்னா அழு."

அவன் யோசித்தான். பிறகு கையை எடுத்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி, இமையைத் துடைத்து, புருவ முடி சிக்காமல் ஒட்டினாள். அவன் அழுதான்தான். அழுதுகொண்டே அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்புறம் அவள் கை வளையலை அந்த மங்கல் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான்.

நேரமாகிவிட்டது என்று வாசலில் காவலுக்கு இருந்த கோர்ட்டு அம்மா வந்து சொன்னார். டீச்சர் எழுந்தார். அமலன் இறங்கவில்லை.

"நாளைக்கும் ஒட்டுவாங்களா?" என்று கேட்டான்.

"நாளைக்கும் ஒட்டணும்."

"நீ வந்து ஒட்டு."

ரூபி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளிடம் பேசிப் பழகியவர்கள் இந்த இடத்தில் வாரேன் என்று சொல்லிவிடுவார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ரூபி சொல்லவில்லை.

"நாளைக்கு வர முடியாது அப்பு. அடுத்த மாசம்தான்."

"அடுத்த மாசம்னா எத்தன தூக்கம் தூங்கணும்?"

"நெறையத் தூக்கம்" என்றாள்.

அவன் வளையலை விட்டான். பிறகு மடியிலேயே சாய்ந்து, திறந்திருந்த அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு, தூங்க ஆரம்பித்தான்.